லைன் வீட்டில் லினக்ஸ்

ஆடிக் காற்று நந்திதுர்க்கில் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யும். சுரங்கத்திலிருந்து தோண்டி, அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு வெளியே கொட்டிய சைனைட் மண் ஊரின் ஓரத்தில் மேடு மேடாக நிற்கிறது. காற்று அதை அள்ளி வந்து, சுரங்கத் தொழிலாளிகள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குள் கொட்டும். தகரக் கூரையின் இடுக்கு, மூங்கில் தட்டியின் சந்து, சோற்றுப் பானை, காது மடல் என்று எதையும் விடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணம்மா தன் பழைய சேலை ஒன்றை நனைத்துப் பிழிந்து முன்னறைச் சன்னலில் கட்டினாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனிதர்களுக்காகச் செய்யாததை அன்று ஒரு கம்ப்யூட்டருக்காகச் செய்தாள்.

“நான் ராவெல்லாம் இருமுறேன். எனக்கு ஒரு நாளாச்சும் கட்டினியா இத?” என்று கேட்டார் அவள் கணவர் சுந்தரராஜ். சுரங்கத்தில் பிளாஸ்டர். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைக்கிற வேலை.

“நீ இன்னா நாளைக்கு இன்டர்வியூக்கா போற?”

போகிறவள் மகள் மம்தா. அவள் சன்னலையும் பார்க்கவில்லை, அப்பா அம்மா பேச்சையும் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சாம்சனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். மூன்று நாளைக்கு முன்பு மாரிகுப்பம் ரோட்டில் இருக்கும் ஐடாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. ஐடா தெருவில் போன ஆளை அனுப்பி மம்தாவைக் கூப்பிட்டாள். மம்தா மூச்சு வாங்க ஓடி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாள். போனில் பேசியவர் வேகமான இங்கிலீஷில் தங்கள் கம்பெனியில் லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். தெரியுமா?

தெரியும் என்றாள்.

நீங்களே கம்ப்யூட்டரில் ஏற்றிப் போட்டிருக்கிறீர்களா?

நானே போட்டிருக்கிறேன் என்றாள்.

அப்படியானால் திங்கட்கிழமை காலையில் வாருங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மம்தா அதுவரை லினக்ஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. அவளிடம் இருந்தது. அந்தப் பத்திரிகையில் இருந்த கட்டுரைகளை அட்டை கிழியும் வரை படித்திருந்தாள். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒன்று அது, யாரோ ஒரு பனி நாட்டுப் பையன் எழுதத் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தது, எழுதியதை எல்லோருக்கும் திறந்து வைத்தது என்று படித்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் படித்தது படித்ததுதான். கடலைப் பற்றி நிறையப் படித்தவள் நீந்தத் தெரியும் என்று சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அது பொய் என்று தெரிந்தால் வேறு வேலை ஒன்று தயாராக இருந்தது. பங்காருப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார்மென்ட்ஸில் காஜா எடுக்கிற வேலை. சூப்பர்வைசரிடம் கிருஷ்ணம்மா சொல்லி வைத்துவிட்டாள். மைன்ஸை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு லைனில் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டிருந்ததால், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மகள் வீட்டில் இருக்கிற இன்னொரு வருஷத்தை அந்த வீடு தாங்காது.

“சாம்சா, அது எரியுமா எரியாதா சொல்லு. நான் அடுப்பு பாக்கணும்” என்றாள் கிருஷ்ணம்மா.

“எரிஞ்சா வம்பாச்சே ஆன்ட்டி” என்றான் சாம்சன் அடியிலிருந்து.

சாம்சன் பக்கத்து லைன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கூட்டி மாட்டித் தருகிற கடையில் வேலை. தினமும் மாரிகுப்பத்திலிருந்து முதல் ரயில், ராத்திரி கடைசி ரயில். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட இந்தப் பழைய 486 கம்ப்யூட்டரை அவன்தான் போன வருஷம் ரயிலில் கொண்டுவந்தான். மானிட்டருக்கு சீட்டு, அவனுக்கு நிற்க இடம். அதில் சி.டி. போடுகிற வழி கிடையாது. அதனால் கடையிலிருந்து ஒரு சி.டி. டிரைவைச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து எடுத்து வந்திருந்தான். திங்கட்கிழமை கடை திறக்கும்போது அது அலமாரியில் இருக்க வேண்டும்.

“எனக்கு ஒயரு மட்டும்தான் தெரியும் மம்தா. உள்ள போறது உம் பாடு. நான் இந்த லினக்ஸ பாத்ததே இல்ல.”

“நான் மட்டும் பாத்துகீறனா?”

பெட்டியை மூடாமலே சுவிட்சைப் போட்டார்கள். கிளப்பிவிடுவதற்கென்று சாம்சன் கடையில் எழுதிக்கொண்டு வந்த ஃபிளாப்பிகளில் முதலாவது உள்ளே போனது. கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே.

“மண்ணு” என்றார் சுந்தரராஜ், வாசற்படியில் குந்தியபடி. “மில்லுல அரைக்கிற சத்தம் அப்டியே கேக்குது.”

“நைனா, கொஞ்சம் சொம்மா இரு” என்றாள் மம்தா.

சாம்சன் ஃபிளாப்பி வாய்க்குள் ஊதினான். இருமல் வந்தது அவனுக்கு. கிருஷ்ணம்மா தீக்குச்சி முனையில் மெல்லிய துணியைச் சுற்றிக் கொண்டுவந்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைத்துவிட்டாள். மிச்சமிருந்த ஒரே ஒரு ஃபிளாப்பியை மம்தா உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரைத்தது. நின்றது. மறுபடி அரைத்தது.

“மம்தா! எழுத்து வந்துச்சி!” என்றான் சாம்சன்.

திரை நீலமாயிற்று. நடுவில் சாம்பல் நிறப் பெட்டி. என்ன மொழி என்று கேட்டது. மம்தா நாற்காலியில் சரியாகக்கூட உட்காராமல், பாதி குந்தி, பாதி எழுந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு போனாள். பத்திரிகையில் படித்த ஒவ்வொன்றும் உண்மையாகவே வந்து கேள்வி கேட்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. எந்த ஊர் நேரம் என்று கேட்ட இடத்தில் உலகத்து ஊர்களின் பெயர்கள் கீழே கீழே இறங்கின. அபிஜான், அக்ரா, அடிஸ் அபாபா. அவள் தேவையில்லாமல் மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரயில் நிலையமும் மழையும் குடை பிடித்த யாரோ ஒருவரும் இருக்கிற மாதிரி தோன்றியது.

“நம்ம ஊரு இல்லியா இதுல?” என்றாள் கிருஷ்ணம்மா.

“கல்கத்தாதாம்மா கீது.”

“மாரிகுப்பம் போடல? எம்மாம் தங்கம் எடுத்துகினு போனாங்க, ஒரு பேரு போட முடியலியா?”

ஒரே ஓர் இடத்தில்தான் மம்தாவின் விரல் நின்றது. டிஸ்கைப் புதிதாகப் பிரிக்கப்போகிறேன், இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. எவ்வளவு இடம் எதற்கு என்று கணக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பழையதும் போய், புதியதும் இல்லாமல் பெட்டி வெறும் பெட்டியாகிவிடும். அவள் கையை இழுத்துக்கொண்டாள். சாம்சன் பத்திரிகையைப் பிடுங்கி, பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எண்களைத் தட்டி, கண்ணை இறுக்கிக்கொண்டு எண்டரை அழுத்திவிட்டான்.

“பூட்ச்சி” என்றான். “இனிமே போனாலும் வந்தாலும் ஒண்ணுதான்.”

அப்புறம் நெடுநேரம் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் சி.டி. உறுமி உறுமி நின்று, அவர்கள் உயிரை எடுத்துவிட்டு மறுபடி நகர்ந்தது. கறிக்குழம்பு வாசனை முன்னறைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்ததென்று திரை சொன்னது. ஃபிளாப்பியை எடுத்துவிட்டு, பெட்டியை அணைத்து மறுபடி சுவிட்சைப் போட்டார்கள்.

கருப்புத் திரை. வெள்ளை எழுத்துகள் மழைபோல் இறங்கின. மம்தா கைதட்டினாள். “தன்ன தானே சொல்லிகினு வருது பாருங்க! எது எது கீதுன்னு எண்ணிகினு வருது!”

எழுத்துகள் நின்றன.

கடைசி வரியில் சென்ட்மெயில் தொடங்குகிறது என்றிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“மெயில் அனுப்புதாம்” என்றான் சாம்சன்.

“யாருக்கு? வூட்ல போனே இல்லியே.”

“உன்ன நாளைக்கு வரச் சொன்னானே, அவனுக்கோ இன்னாவோ” என்றாள் கிருஷ்ணம்மா.

யாரும் சிரிக்கவில்லை. திரை அப்படியே நின்றது. சாம்சன் பொறுக்க முடியாமல் ரீசெட் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

“கை எடுறா!”

சுந்தரராஜின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. அவர் எழுந்து நின்றிருந்தார். வீட்டில் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அது பூமிக்கு அடியில், சுரங்கப் பாதையில், ஆட்களை நிறுத்துகிற குரல்.

“மிஸ்ஃபையரு. தீ வச்சாச்சி, வெடிக்கல. அதும் பக்கத்துல போறவன் வூடு திரும்ப மாட்டான். எல்லாரும் வெளிய வா.”

“அங்கிள், இது கம்ப்யூட்டரு.”

“எதுவா இருந்தா இன்னா? உள்ள இன்னா நடக்குதுன்னு உனுக்குத் தெரியுமா?”

“தெரியாது அங்கிள்.”

“அப்ப வெளிய வா. கொறஞ்சது அரை மணி நேரம். மம்தா, எழுந்திரு.”

வெடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருப்பது பிளாஸ்டரின் வேலை. வைத்ததில் ஒன்று குறைந்தால் அந்தப் பக்கம் எறும்பைக்கூட விடமாட்டார்கள். அந்தச் சட்டத்தால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எதிர்த்துப் பேசாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். கதவை அவரே சாத்தினார்.

கிருஷ்ணம்மா களி உருண்டைகளை வைத்து, குழம்பை ஊற்றினாள். சாம்சன் வேகமாகச் சாப்பிட்டான். மம்தா உருண்டையைக் கிள்ளிக் கிள்ளிக் குழம்பில் போட்டாள், விழுங்கவில்லை.

“சாப்புடு. கார்மென்ட்ஸுல சோத்துக்கு டைம் தரமாட்டாங்களாம்” என்றாள் கிருஷ்ணம்மா. சொன்ன பிறகு தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். “சொம்மா வெளையாட்டுக்கு சொன்னேன்டி.”

சுந்தரராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் ஆனதும் அவர்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தார்.

திரை முழுக்கக் கருப்பு. ஓர் எழுத்துக்கூட இல்லை.

சாம்சன் மெதுவாக, “செத்துப்போச்சு” என்றான்.

மம்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிருஷ்ணம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. துக்கம் வந்தால் துடைப்பாள். முந்தானையை எடுத்து மானிட்டர் தலையைத் துடைத்தாள், மேசையைத் துடைத்தாள், கீபோர்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

திரை எழுந்தது.

“அய்யய்யோ, நான் ஒண்ணியும் பண்ணல!”

மேலே வெள்ளை எழுத்துகள் எல்லாம் முடித்து நின்றிருந்தன. கீழே, பெயரைச் சொல் என்று கேட்டு, ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

மம்தா பாய்ந்து வந்தாள். பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அது எப்பவோ ரெடி! கொஞ்ச நேரம் எதையோ தேடிட்டு, கெடைக்கலன்னு தானா வந்துட்டு கீது. அப்பால நாம யாரும் தொடலியே, தூங்கிப்போச்சி. நைனா, நாம அதுக்குக் காத்துகினு இருந்தோம், அது நமக்குக் காத்துகினு இருந்துச்சி!”

சாம்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மிஸ்ஃபையரு! அங்கிள், மிஸ்ஃபையரு!”

“சிரிங்கடா” என்றார் சுந்தரராஜ். “யாருக்காச்சும் அடி பட்டுச்சா? சொல்லு, பட்டுச்சா?”

அதற்கு மேல் அந்த வீட்டில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மம்தா ஒவ்வொரு கட்டளையாகத் தட்டத் தட்ட, திரை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. எந்த வருஷத்துக் காலண்டரும் காட்டும் என்று அவள் சொன்னதும் கிருஷ்ணம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எழுவத்தி நாலு, மே மாசம் போடு.”

போட்டாள்.

“எட்டாந்தேதி இன்னா கெழம?”

“புதன்.”

“ஆமா, புதன்தான்! அன்னிக்குத்தான் ரயிலு ஸ்ட்ரைக்கு. மாப்ள ஊட்டாருக்கு ரயிலு இல்ல. உங்க நைனா காட்பாடிக்கு எருமூட்டை லாரில வந்து எறங்கினாரு. தாலி கட்டுற வரைக்கும் நாத்தம்.”

“எருமூட்டை இல்ல, புண்ணாக்கு” என்றார் சுந்தரராஜ்.

“கேளுடி அதுகிட்ட. அதுக்குத் தெரியும்.”

அந்தச் சிரிப்பின் நடுவே ஐடா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு உடுத்திய சேலையோடு, பூத்தை மத்தியானம் சாத்திவிட்டு, நேராக இங்கே வந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வந்துட்ச்சா! அன்னிக்கு என் பூத்துல நின்னு அந்தாளுகிட்ட சொன்னியே மம்தா, நானே போட்டேன்னு. வெளிய நின்னு நான் ஏசுகிட்ட வேண்டிகினேன். இப்ப நெசமாவே நீயே போட்டுட்ட!”

மம்தாவின் முகம் மாறியது. கை கீபோர்டிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது.

“இன்னாடி?”

“நான் போடலக்கா.”

“பின்ன யாரு?”

“டிஸ்கைப் பிரிக்கிற எடம் வந்துச்சி. அதான் முக்கியமான எடம். அங்க என் கை இல்ல. சாம்சன்தான் தட்டினான்.”

“அதனால இன்னா?” என்றான் சாம்சன். “நான் சாட்சி சொல்ல வரமாட்டேன். நீ போட்டதாவே வச்சிக்க.”

“நாளைக்கு அவங்க ஒரு மெஷின காட்டிப் போடுன்னு சொன்னா? பக்கத்துல நீ இருப்பியா?”

மம்தா திரையைப் பார்த்தாள். மினுக்குகிற கோட்டைப் பார்த்தாள்.

“அழிச்சிட்டு மறுபடி போடப்போறேன்.”

“பைத்தியமா உனக்கு?” சாம்சன் எழுந்துவிட்டான். “அந்த சி.டி. ஒரு எடத்துல எப்டித் திணறுச்சி, பாத்தல்ல? இப்ப அழிச்சிட்டு, பாதில அது படிக்கலன்னா? விண்டோஸும் இல்ல, இதுவும் இல்ல. காலைல டிரைவ நான் எடுத்துகினு போயிடணும். இருக்கிறதையும் தொலைச்சிட்டு வெறுங்கையோட போய் நிப்பியா?”

“அவன் சொல்றது ஞாயம்” என்றார் சுந்தரராஜ். இப்போது அந்தப் பழைய குரல் இல்லை, ஆனால் அதன் அடி இருந்தது. “வெடிச்ச குழில திரும்ப ட்ரில் வைக்கக் கூடாதும்மா. அடில மிச்ச மருந்து கீதா இல்லியான்னு தெரியாது. எங்களுக்கு மொத மொத சொல்லித் தர்றதே அதான். வேலை ஆச்சா, உட்டுடு.”

“நைனா, இது பாறை இல்ல.”

அவர் அவளைப் பார்த்தார்.

“இதுல திரும்பத் திரும்ப அதே எடத்துலதான் போடணும். அப்பதான் கைக்கு வரும்.”

கிருஷ்ணம்மா குறுக்கே வந்தாள். “களி கிண்டத் தெரியுமான்னு கேட்டா, பக்கத்து வூட்டுக்காரி கிண்டனத துன்னுருக்கேன்னா சொல்ல முடியும்? போடட்டும் உடுங்க.”

மம்தா ஃபிளாப்பியை உள்ளே தள்ளினாள். பத்திரிகையை எடுத்து ஐடாவின் கையில் கொடுத்தாள். “நான் கேட்டாலும் தராதக்கா.”

ஐடா அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், பைபிளைப் பிடிப்பதுபோல்.

நீலத் திரை வந்தது. மொழி. கீபோர்டு. இந்த முறை கேள்வி முழுதாக வருவதற்கு முன்பே அவள் விரல் பதிலுக்குப் போயிற்று. டிஸ்கைப் பிரிக்கிற இடம் வந்தது. காலையில் போட்டதெல்லாம் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றாக அழித்தாள். மூச்சு விட்டாள். எவ்வளவு இடம் எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எண்களைப் போட்டாள். ஓர் இடத்தில் நின்று, மேலே பார்த்து, உதடு அசைத்துக் கணக்குப் போட்டாள். சாம்சன் வாயைத் திறந்தான். கிருஷ்ணம்மா அவன் தொடையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

சம்மதமா என்றது.

மம்தா எண்டரை அழுத்தினாள். கண்ணை மூடவில்லை.

ஊர்களின் பட்டியலில் இந்த முறை எங்கும் நிற்காமல் ஓடி இறங்கினாள். சி.டி. சுழலத் தொடங்கியது. சன்னலில் கட்டியிருந்த ஈரச் சேலை காய்ந்து படபடத்தது. சுந்தரராஜ் எழுந்து போய், அதை அவிழ்த்து, குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்து வந்து அவரே கட்டினார்.

காலையில் திணறிய அதே இடம் வந்தது. டிரைவ் உறுமியது. அடங்கியது. மறுபடி உறுமியது. சாம்சன் நகம் கடித்தான். ஐடா ஏசுவே என்றாள். மம்தா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவளைப்போல் உட்கார்ந்திருந்தாள். உறுமல் நீண்டது, மேலே ஏறியது, சட்டென்று சரியானது. அடுத்த பெயர் திரையில் வந்தது.

“ஏறுடா” என்றார் சுந்தரராஜ், சுரங்கத்துக் கூண்டை மேலே வரச் சொல்வதுபோல். “ஏறு, ஏறு.”

ஏறி முடிந்தது. ஃபிளாப்பியை எடுத்துவிட்டு, அணைத்து மறுபடி போட்டாள். கருப்புத் திரை, வெள்ளை மழை, சென்ட்மெயில். நின்றது. ஐவரும் அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றார்கள். இந்த முறை யாரும் வெளியே போகவில்லை. நின்று, நின்று, நின்று, பிறகு ஒரு வரி கீழே குதித்தது. இன்னொரு வரி. பெயரைச் சொல் என்றது.

மம்தா தன் பெயரை அடித்தாள். உள்ளே விட்டது.

கத்தியது யார் என்று சொல்ல முடியாது. சாம்சன் மேசையைத் தட்டியதில் மானிட்டர் ஆடியது. கிருஷ்ணம்மா மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். ஐடா பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மம்தா போட்டுட்ச்சி!” என்று கத்தினாள் ஐடா. “ஒரு தபா இல்ல, ரெண்டு தபா!”

உள்ளேயிருந்து, அம்மாவின் சேலைக்குள் முகம் புதைந்தபடியே, மம்தா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

“ஒரு தபாதான்க்கா! மொதல்ல போட்டது சாம்சன். இதுதான் நான்!”